தரைக்கு என்னங்க தெரியும்?

குழந்தை தடுக்கி விழுந்தால் நாம் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, விழுந்த இடத்தைக் கையால் ஓங்கி அடிப்போம். "என் தங்கத்தைத் தள்ளிவிட்டியா? இந்தா, வாங்கிக்கோ" என்போம். குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டு, தரை அடி வாங்குவதைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் லைன் வீட்டில் இருந்த அக்கா ஒருவருக்கு இது ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை வாளி தடுக்கி விழுந்தது. அதன் அம்மா வழக்கம்போலத் தரையை அடித்தாள். தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த அக்கா, குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

"தரைக்கு என்னங்க தெரியும், அதைப் போட்டு அடிக்கிறீங்க? நடக்குற வழியில வாளிய வெச்சது ஆருன்னு பாருங்க."

வாளியை வைத்தது அந்த அம்மாவேதான். அதற்குப் பிறகு இரு வீட்டுக்கும் கொஞ்ச நாள் பேச்சு இல்லை. அக்கா அதற்காக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் கோவில்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தோம். ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளில் எங்களுக்கு நடு அறை கிடைத்தது. கடைசி அறையில் அக்காவும் அவர் கணவரும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. நாங்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது, எந்த ஊர், ஏன் வந்தீர்கள் என்று அக்கா விசாரித்தார். ஊரில் மழை ஏமாற்றிவிட்டது என்றேன்.

"மழைக்கு ஏமாத்தத் தெரியுமா அம்மிணி? ஏரி குளத்தைத் தூர் வாராதவங்களைச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அரிசி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். இது என்ன பேச்சு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அன்றைக்குச் சாப்பாடு அவர் வீட்டில்தான்.

நெடுநெடுவென்று இருப்பார். பனியன் கம்பெனியில் துணியின் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். தலைமுடியில் எப்போதும் துணிப்பஞ்சு படிந்திருக்கும். அது நரை மாதிரி தெரியும்; நாற்பதைத் தாண்டியவர் என்றால் யாரும் நம்பிவிடுவார்கள். குரல் உயரவே உயராது. எத்தனை கோபம் வந்தாலும் பேச்சில் 'ங்க' குறையாது. அவரோடு சண்டை போட்டவர்களுக்கு அதுதான் அதிகம் வலித்திருக்கும்.

அவருக்கு உலகம் இரண்டே பாகம். தெரிகிற பாகம், தெரியாத பாகம். தையல் மெசின், கரண்டு, மழை, காய்ச்சல், நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் தெரியாத பாகம். அவற்றைத் திட்டவும் கூடாது, கெஞ்சவும் கூடாது. ஒரிசாவிலிருந்து வந்த பையன்கள், பைத்தியம் பிடித்துத் தெருவில் திரிகிற அம்மாள், டீக்கடை நாய் எல்லாம் தெரிகிற பாகம். டீக்கடைக்காரர் ஒருமுறை நாயின் மேல் வெந்நீரை ஊற்றினார். அக்கா கடைக்குள் போய் அவர் முன்னால் நின்று, "அதுக்கு வலி தெரியுமுங்க. கல்லு மேல ஊத்தற மாதிரி ஊத்தாதீங்க" என்றார். கடைக்காரர் சிரித்தார். அக்கா அங்கேயே நின்றார். வாங்க வந்தவர்கள் எல்லாம் என்னவென்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவர் சிரிப்பு நின்றது.

சின்ன வயதில் அக்காவின் தங்கை கிணற்றில் விழுந்து இறந்ததாகவும், கிணறு காவு கேட்டது என்று ஊரே சொன்னதாகவும், ஊரிலிருந்து வந்திருந்த அவர் மாமியார் ஒருமுறை என்னிடம் சொன்னார். அதனால்தான் இப்படி ஆனீர்களா என்று அக்காவிடமே கேட்டேன். "இல்லீங்க அம்மிணி, நான் அதுக்கு முன்னாடியே இப்படித்தான்" என்று சிரித்துவிட்டார்.

அவர் கணவர் நேர் எதிர். சாமளாபுரம் விசைத்தறிகளிலிருந்து துணி ஏற்றி வரும் டெம்போ ஓட்டினார். மேடு ஏறும்போது வண்டியைத் தட்டிக் கொடுத்து, "ஏறு சாமி, இன்னும் கொஞ்சம்தான் சாமி" என்பார். வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால், பாவம் காய்ந்து கிடக்கிறது என்று வருத்தப்படுவார். அக்கா பக்கத்தில் இருந்தால், அதற்குத் தெரியாதுங்க என்பார்.

"தெரியாட்டிப் போகுது. நாள் முச்சூடும் தனியா ஓட்டறனே, எனக்குப் பேச ஒரு ஆளு வேண்டாமா?" என்று அவர் கண்ணடிப்பார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். சிரிப்பை மறைக்கத்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

நானும் அக்கா வேலை செய்த கம்பெனியிலேயே செக்கிங்கில் சேர்ந்தேன். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அங்கே ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களை எல்லாம் மாடியில் உட்கார வைத்தார்கள். கோட்டு போட்ட ஒருவர் மைக்கோடு வந்தார். மனசின் சக்தியைப் பற்றிப் பேசினார். நாம் எதை ஆழமாக நினைக்கிறோமோ அதைப் பிரபஞ்சம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, உறுதியாகக் கேட்டால் கொடுத்தே தீரும் என்றார். எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, இந்த மாத உற்பத்தி இலக்கை மனதில் பார்க்கச் சொன்னார். முதலாளி முன் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று அவர் கடைசியில் கேட்டார். அக்கா எழுந்தார்.

"சம்பளம் ஒசரோணும்னு நான் வெகு காலமா ஆழமாத்தானுங்க நெனைக்கிறேன். பிரபஞ்சத்துக்குக் கேக்கலை. அதுக்குக் காது இல்லைங்க. முதலாளிக்குக் காது இருக்குது, இங்கியேதான் உக்காந்திருக்கிறாரு. அவருகிட்டக் கேட்டுக்கட்டுங்களா?"

மாடியே அதிர்ந்தது. முதலாளியும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது. அந்தத் தீபாவளிக்கு எல்லாருக்கும் சம்பளம் கொஞ்சம் ஏறியது. பிரபஞ்சம் கொடுத்ததா, முதலாளி கொடுத்தாரா என்று நாங்கள் வெகுநாள் சொல்லிச் சிரித்தோம். ஆனால் மேனேஜர் அன்றிலிருந்து அக்காவைக் குறித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அந்த விபத்து நடந்தது. பின்னிய துணி பிறகு சுருங்காமல் இருக்க, அதைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தும் மெசின் ஒன்று கீழ்த்தளத்தில் இருந்தது. உருளைக்கு முன்னால் கை உள்ளே போகாமல் தடுக்க ஒரு தகரம் உண்டு. தகரம் இருந்தால் துணியை மெதுவாகத்தான் விட முடியும். அவசர ஆர்டர் ஒன்று வந்தபோது, மேனேஜர் அதைக் கழற்றச் சொன்னார். ஆர்டர் போன பிறகும் தகரம் சுவரோரமாகவே கிடந்தது. பீகாரிலிருந்து வந்து அந்த மெசினில் வேலை செய்த ஒருவரின் வலது கை துணியோடு உள்ளே போய்விட்டது.

விரல்கள் போய்விட்டன. அந்தச் சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இரண்டாம் நாள் எங்களைக் கீழ்த்தளத்துக்குக் கூப்பிட்டார்கள். மெசினுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தார்கள். எலுமிச்சம்பழம், திருஷ்டிப் பூசணிக்காய், கால் கட்டிய ஒரு சேவல். போன ஆயுத பூசையை அவசரமாக முடித்துவிட்டோம், அதனால்தான் மெசின் ரத்தம் கேட்டுவிட்டது என்று மேனேஜர் பேசினார். அந்தப் பையனுக்கும் நேரம் சரியில்லை, ஏழரை நடக்கிறதாம் என்றார். எல்லாரும் தலையாட்டினோம். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. மெசின் கேட்டது, கொடுத்தாகிவிட்டது, இனிமேல் கேட்காது.

தீபாராதனைத் தட்டு அக்காவிடம் வந்தது. அவர் கையை நீட்டவில்லை.

"மெசினுக்குத் தெரியாதுங்க. அது துணியும் பாக்காது, கையும் பாக்காது. சனீசுவரனுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லை. அந்தத் தகரத்தைக் கழட்டுனா கை போகும்னு இந்த ரூம்புல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்துச்சுங்க. தெரிஞ்சவரு இந்த மேனேஜருதான். சேவலுக்கும் தெரியாது, அதை எதுக்குங்க அறுக்கறீங்க?"

மேனேஜர், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அக்கா மறுநாள் காலையில் எப்போதும்போல வந்தார். வாட்ச்மேனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே விட்டுவிட்டார். அக்காவின் மெசினுக்கு இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். அவர் ஓடாத மெசினின் முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளும் வந்தார். பக்கத்து மெசின்களில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வேலையை நிறுத்தினார்கள். யாரும் கோஷம் போடவில்லை. தகரத்தை மாட்டினால் தைக்கிறோம் என்று மட்டும் சொன்னார்கள். நான் செக்கிங் மேசையை விட்டு எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். தகரம் மாட்டப்பட்டது. விரல்கள் போனவருக்கு வைத்தியம் பார்த்து, அதே கம்பெனியில் ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். அக்காவுக்கு மட்டும் வேலை இல்லை என்று முடிவாயிற்று. "தகரம் மாட்டுனதுக்கு இது நல்ல வெலைதானுங்க" என்றார் அக்கா. வேறு கம்பெனியில் சேர்ந்துகொண்டார். விரல்கள் போனவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அக்கா வீட்டுக்கு வந்து, இடது கையால் ஒரு பொட்டலம் இனிப்பை நீட்டுவார். இருவருக்கும் பொதுவான பாஷை கிடையாது. ஆனாலும் நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

நொய்யல் ஆறு நுரைத்துக் கருநீலமாக ஓடிய காலம் அது. நதி நம்மைச் சபிக்கிறது, ஒருநாள் பழிவாங்கும் என்று யாராவது பெருமூச்சு விட்டால் அக்கா விடமாட்டார். ஆற்றுக்குச் சபிக்கத் தெரிந்திருந்தால் பரவாயில்லையே, தெரியாது என்கிற தைரியத்தில்தானே சாயப்பட்டறைக் குழாயைத் திறந்துவிடுகிறார்கள் என்பார். எல்லாப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். சில சமயம் கேட்கச் சலிப்பாகவும் இருக்கும். ஒருநாள் நான் சண்டைக்கே போனேன். தெரிந்துகொண்டு மட்டும் என்ன செய்துவிட முடியும், மனசால் ஒரு கல்லையாவது நகர்த்த முடியுமா என்று கேட்டேன்.

"முடியாது" என்றார். "கையை வெச்சாத்தான் நகரும். ஆனா கல்லை நகத்தோணும்னு கையிக்குத் தோணாதுங்க அம்மிணி."

எனக்கு முதலில் தங்கிய கரு நான்காம் மாதத்தில் கலைந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். ஊரிலிருந்து வந்த அம்மா, குலதெய்வத்துக்கு நேர்ந்ததைச் செய்யாமல் விட்டதால்தான் என்றாள். மாமியார், வெள்ளிக்கிழமை நான் எங்கேயோ போய்வந்ததைச் சொன்னார். ஒரு தோழி, அந்தக் குழந்தைக்கு இங்கே வர இஷ்டமில்லை என்று ஆறுதல் சொன்னாள். அதுதான் என்னை அதிகம் அறுத்தது. என்னிடம் வர ஏன் இஷ்டமில்லை?

அக்கா வந்து பாயில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதுங்க அம்மிணி. வரோணும்னும் தெரியாது, வேண்டாம்னும் தெரியாது. உன்ற வயித்துக்கும் தெரியாது. மேல உக்காந்து உன்னையக் குறிபாத்து அடிக்கிறதுக்கு ஆரும் இல்லை."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. எப்பேர்ப்பட்ட நேரத்தில் இந்தப் பேச்சு என்று நினைத்தேன். அம்மா அவரை வெளியே போகச் சொல்லிவிட்டாள். ஆனால் அவர் போன பிறகு அந்த வார்த்தைகள் அறையில் கிடந்தன. குறிபார்த்து அடிக்க யாரும் இல்லை. அப்படியென்றால் நான் தண்டனை அனுபவிக்கவில்லை. எனக்கு ஒரு துக்கம் நேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றைக்குத்தான் குற்றவாளி மாதிரி இல்லாமல், பறிகொடுத்தவள் மாதிரி அழுதேன். எழுந்து சோறு தின்றேன்.

அக்காவின் கணவருக்கு மூளையில் ரத்தம் கசிந்தது அதற்குப் பிறகு சில வருடங்கள் கழித்து. வண்டியைச் சரியாக ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறார். உயிர் பிழைத்தது. கண்கள் திறந்தன. தூங்குவார், விழிப்பார். ஊட்டினால் விழுங்குவார். மற்றபடி கூப்பிட்டால் திரும்பமாட்டார், எதையும் பார்ப்பதாகத் தெரியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசும்போது நானும் இருந்தேன். விழித்திருக்கிறார், ஆனால் உணர்வு இருக்க வாய்ப்பு குறைவு என்றார் அவர்.

"இவருக்குத் தெரியாதுங்களா, இல்ல, தெரியுதான்னு உங்களுக்குத் தெரியலைங்களா?" என்று அக்கா கேட்டார்.

டாக்டர் கொஞ்சம் யோசித்து, எங்களுக்குத் தெரியவில்லை என்றார். அக்கா அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தார். அந்த டாக்டரைப் பற்றி யார் குறை சொன்னாலும் பிறகு அவர் பொறுக்கவில்லை.

வேலையை விட்டுவிட்டு, துணிப் பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கே வாங்கிச் செய்தார். கணவரைத் திருப்பிப் படுக்க வைப்பதற்கு முன்னால், "இப்பத் திருப்பறேனுங்க" என்பார். சவரம் செய்யும்போது, "தாடையை இழுக்கறேன், கூசும்" என்பார். ரேடியோ வைத்தால் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருந்து, அப்புறம்தான் தானாக ஒன்றை வைப்பார். தரையை அடிக்க விடாத அக்காவா இது என்று லைன் வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம். பக்கத்து வீட்டம்மா, உங்கள் குரல் கேட்டதும் அவர் அழுகிறார் பாருங்கள் என்று உருகினாள். அக்கா அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிறது, அழுகிறாரா என்று தெரியவில்லை என்றார். ஜெபம் செய்ய வந்தவர்களும் விபூதி கொண்டுவந்தவர்களும் நம்பிக்கை வைக்கச் சொன்னார்கள். அக்கா எல்லாருக்கும் காப்பி கொடுத்தார். நம்பிக்கை வைத்ததாக மட்டும் சொல்லவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. கேட்டேவிட்டேன். தெரிகிறதா என்று தெரியாதவரிடம் ஏன் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள்?

"தரையைப் பத்தி எனக்குச் சந்தேகமே இல்லைங்க அம்மிணி. இவரைப் பத்தி இருக்குது. சந்தேகம் இருக்கிற எடத்துல, உள்ளே ஆளு இருக்காருன்னுதான் நான் நடந்துக்குவேன். அது தப்பாப் போனா, என்ற பேச்சு கொஞ்சம் வீணாப் போச்சு. அவ்வளவுதானே? இந்தப் பக்கம் தப்பாப் போனா..."

ஈரத்துணியைப் பிழிந்து கணவரின் கழுத்தைத் துடைத்தார்.

அவருடைய கொழுந்தனார், அதாவது கணவரின் தம்பி, வாரத்துக்கொரு தரம் உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து வருவார். கெட்டவர் இல்லை. தேங்காய் கொண்டுவருவார், டாக்டர் செலவைப் பார்த்துக்கொள்வார். ஆனால் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டே, இனிமேல் இது வெறும் கட்டைதான், எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை, பொதுவில் இருக்கும் தென்னந்தோப்பை எப்படிப் பிரிப்பது என்று பேசுவார். ஒருநாள் அக்கா எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"தோப்பைப் பத்தி வெளிய பேசலாம் வாங்க."

"அவருக்குத்தான் தெரியாதேங்க அண்ணி" என்றார் கொழுந்தனார்.

"தெரியாதுன்னு ஆருக்குங்க தெரியும்?"

அவர் எழுந்து வெளியே வந்தார். அன்றிலிருந்து உள்ளே உட்கார்ந்தால் வாயே திறப்பதில்லை. அண்ணன் பக்கம் பார்ப்பதும் இல்லை.

ஒன்றரை வருடம் போல அக்கா அப்படிப் பார்த்துக்கொண்டார். ஒரு ஆடியில் கணவர் போய்விட்டார். இழவுக்கு வந்தவர்கள், இனிமேல் அவருக்கு எல்லாம் தெரியும், மேலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தேற்றினார்கள். அக்கா தலை கலைந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "பாத்துட்டிருந்தா சந்தோசமுங்க" என்றார். "ஆனா அப்புடி நெனச்சு, இவரு இல்லாமப் போனதை நான் சின்னதாக்க மாட்டேன்." துக்க வீட்டில் பேசுகிற பேச்சா என்று சிலர் முகம் சுளித்தார்கள். பிறகு அக்கா ஊத்துக்குளியில் அண்ணன் வீட்டுப் பக்கம் போய்விட்டார். இரண்டு எருமைகள் வைத்திருக்கிறார். அவை எல்லாம் தெரிந்த எருமைகளாம். போனில் அவர் சொல்வதைக் கேட்டால் நேரம் போவது தெரியாது.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருவது, கணவர் படுத்திருந்த அந்தக் காலத்தில் ஒரு பொங்கலுக்கு மறுநாள். கம்பெனிகள் மூடி, ஊரில் பாதிப் பேர் தங்கள் ஊர்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். எங்கள் சந்தும் காலி. நான் மறுபடி உண்டாகி ஐந்தாவது மாதம் என்பதால் பயணம் வேண்டாம் என்று நாங்கள் போகவில்லை. அன்றைக்கு நடுப்பகலில் சூரிய கிரகணம். காலையிலேயே அம்மா ஊரிலிருந்து போன் செய்தாள்.

"ஏட்டி, கதவைச் சாத்திட்டு உள்ளேயே கெட. ஒரு பொட்டு வெளிச்சம் மேல படக் கூடாது. போன தடவை பட்டது போதும்."

கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். கட்டிலை வாசல் வேப்பமரத்தடிக்குத் தூக்க ஒரு கை வேண்டும் என்றார். பொங்கலுக்கு வந்திருந்த கொழுந்தனாரும் கூட நின்றிருந்தார். நோயாளியைக் கிரகணத்தில் வெளியே போடுகிறவர்கள் உண்டா என்று அவர் வாதாடிக்கொண்டிருந்தார். எதிர்ச் சந்துக் கிழவர் ஜன்னல் வழியாக, நாசமாய்ப் போவீர்கள் என்று கத்தினார். அக்கா கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் இவர்கள் இருவரும் கால்மாட்டைப் பிடித்தார்கள்.

என்னைப் பார்த்து அக்கா, நீ உள்ளேயே இரு அம்மிணி, உனக்குப் பயமாக இருந்தால் வர வேண்டாம், அதில் தப்பில்லை என்றார். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. இருட்டில் வயிற்றில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு நடந்ததற்கு யாரும் காரணமில்லை என்று இத்தனை வருடமாக நம்பி வந்திருக்கிறேன். இப்போது ஒரு வெளிச்சத்துக்குப் பயந்து ஒளிந்தால், அன்றைக்கு என்மேல் குற்றம் சொன்னவர்கள் எல்லாரும் சொன்னது சரி என்று ஆகிவிடும். எழுந்தேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

வெயில் வேறு மாதிரி இருந்தது. மேகம் மூடிய மங்கல் இல்லை. விளக்கின் திரியைக் குறைத்த மாதிரி, தெளிவாகவே மங்கியிருந்தது. காகங்கள் கத்தாமல் கம்பியில் உட்கார்ந்திருந்தன. அக்கா கணவரின் கண்ணில் நேராக வெயில் படாமல் ஒரு துண்டைக் கட்டியிருந்தார். கழுத்து வரை வெள்ளைப் போர்வை. அந்தப் போர்வையைப் பார்த்துத்தான் நான் நின்றுவிட்டேன். வேப்பிலைகளின் இடைவெளி வழியாக எப்போதும் வட்ட வட்டமாக விழும் வெளிச்சம், அன்றைக்குப் பிறை பிறையாக விழுந்திருந்தது. நெஞ்சில், வயிற்றில், காலில், தரையில், அக்காவின் முதுகில் எல்லாம் சின்னச் சின்னப் பிறைகள். காற்று அடித்தபோது எல்லாம் சேர்ந்து நடுங்கின.

அக்கா குனிந்து, மேலே என்ன நடக்கிறது, போர்வையில் என்ன விழுகிறது என்று கணவருக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆருக்குங்க அண்ணி இதெல்லாம்?" என்றார் கொழுந்தனார். "அவருக்கு என்ன தெரியப் போகுது?"

அக்கா நிமிர்ந்தார்.

"சூரியனுக்கு மறையறோம்னு தெரியாதுங்க. நெலாவுக்கு மறைக்கறோம்னு தெரியாது. இத்தனை பெரிய காரியம் நடக்குது, அதுங்களுக்கு ஒரு சேதியும் இல்லை. இந்தச் சந்துல நிக்கிற நாம நாலஞ்சு பேருக்குத்தான் தெரியுது. இருக்கிறதே இவ்வளவு பேரு. அதுல ஒருத்தரைக் கொறைச்சு எண்ண எனக்கு மனசில்லைங்க."

எதிர் ஜன்னல் கிழவர் கத்துவதை நிறுத்தியிருந்தார். கொழுந்தனார் கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றார். வெகுநேரம் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, போர்வைக்குள்ளிருந்து அண்ணனின் கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து, வெளிச்சம் விழும் இடத்தில் வைத்தார். ஒரு பிறை விரல்களுக்கு நடுவில் வந்து அமர்ந்தது.

"கிரகணமுங்ணா" என்றார். "பாருங்ணா."